பார்வையாளர் இல்லாமல் பறந்தால் நம்பக்கூடாதா?

மாணவர்களே, ஒரு விமானி தனியாக ஐந்து மணி நேரம் வானில் இருக்கிறார். அவருடைய விமானத்தில் இயந்திரம் கிடையாது. மேலெழும் காற்றைத் தேடித் தேடி, அதில் வட்டமிட்டு உயர்ந்து, பத்திரமாகத் தரையிறங்குகிறார். ஆனால் அன்று விமானத் திடலில் அதிகாரத்துவப் பார்வையாளர் யாரும் இல்லை. அந்த ஐந்து மணி நேரம் கணக்கில் சேருமா? இன்றைய விதிப்படி சேராது. இது சரிதானா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

இயந்திரமற்ற இந்த வானூர்திக்குக் கிளைடர் என்று பெயர். இதில் திறமை பெற்றோருக்கு அனைத்துலக வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் சின்னங்கள் உண்டு. அந்த அமைப்பு 1905-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வெள்ளிச் சின்னம் பெற 50 கிலோமீட்டர் தூரம் பறக்க வேண்டும். 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 5 மணி நேரம் வானில் இருக்க வேண்டும். தங்கச் சின்னத்திற்கு 300 கிலோமீட்டர் தூரமும் 3,000 மீட்டர் ஏற்றமும் தேவை.

விதிகள் ஏன் கடுமையாக உள்ளன என்பதற்கு ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நல்ல கிளைடர் 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே செல்லும். அப்படியென்றால் 1,250 மீட்டர் உயரத்தில் விடுவித்தால், காற்றின் துணையே இல்லாமல் சறுக்கிக்கொண்டே 50 கிலோமீட்டர் போய்விடலாம். அதில் திறமை எங்கே இருக்கிறது? அதனால்தான், 100 கிலோமீட்டர் வரையிலான பறத்தலில் இழக்கும் உயரம் தூரத்தில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது விதி. 50 கிலோமீட்டருக்கு அது 500 மீட்டர். ஆகவே, எங்கே எந்த உயரத்தில் விடுவிக்கப்பட்டார் என்பதற்கும் சான்று வேண்டும்.

முன்பு இந்தச் சான்றைத் திரட்டுவது பெரிய வேலை. காற்றழுத்தத்தை அளக்கும் கருவியில், புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளை மெதுவாகச் சுழலும். ஊசி அதில் கோடு கீறும். பார்வையாளர் அந்தப் பெட்டிக்கு முத்திரை வைப்பார். திரும்பும் இடங்களை விமானி படம் எடுக்க வேண்டும். படச்சுருளை வெட்டாமல் ஒப்படைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பார்வையாளர் இல்லாமல் எதையும் நம்ப முடியாது. தாளை மாற்றுவது அவ்வளவு எளிது.

இன்று நிலைமை வேறு. அங்கீகரிக்கப்பட்ட பதிவுக் கருவி, துணைக்கோள் வழியாக இடத்தையும் நேரத்தையும் சில வினாடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொள்கிறது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைத் தனியாக அளக்கிறது. துணை இயந்திரம் பொருத்திய கிளைடராக இருந்தால் அதன் ஓசையையும் பதிவு செய்கிறது. முடிவில் கோப்பின் கீழே ஒரு மின்னியல் கையொப்பத்தை இடுகிறது. கோப்பில் ஓர் எண்ணை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் பொருந்தாமல் போகும். பெட்டியைத் திறந்தால் அதன் இரகசியக் குறியீடு அழிந்துவிடும்.

“பிறகு பார்வையாளர் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படாதீர்கள். கையொப்பம் சொல்வது ஒன்றுதான்: எழுதப்பட்ட பிறகு இந்தக் கோப்பு மாறவில்லை. இருக்கையில் யார் அமர்ந்திருந்தார் என்பது கருவிக்குத் தெரியாது. கருவி எந்தக் கிளைடரில் இருந்தது என்பதையும் அதனால் உறுதிப்படுத்த முடியாது. இந்த இடைவெளியைத்தான் பார்வையாளர் நிரப்புகிறார்.

ஆனால் அந்த இடைவெளியை அவர் ஒருவரால் மட்டும்தான் நிரப்ப முடியுமா? இல்லை என்பதே என் கருத்து. இழுத்துச் சென்ற விமானத்தின் விமானிக்கு யாரை இழுத்தோம் என்பது தெரியும். திடலின் பதிவேட்டில் புறப்பட்ட நேரமும் இறங்கிய நேரமும் இருக்கும். அதே காற்றில் வட்டமிட்ட மற்றொரு கிளைடரின் கருவி வேறொரு சாட்சி. வயலில் இறங்க நேர்ந்தால் அந்த வயலின் உரிமையாளர் எழுதித் தரலாம்.

இயற்கையும் சாட்சி சொல்லும். வட்டமிடும் கிளைடரைக் காற்று ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தள்ளிக்கொண்டு போகும். அந்த நகர்வு அன்றைய காற்றின் திசைக்கும் வேகத்திற்கும் ஒத்துவர வேண்டும். அழுத்தம் காட்டும் உயரமும் துணைக்கோள் காட்டும் உயரமும் அப்படியே ஒன்றாக இருப்பதில்லை. அன்றைய வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்திற்கும் ஏற்ப வேறுபடும். உலகெங்கும் நாள்தோறும் பறக்கவிடப்படும் வானிலை பலூன்களின் அளவுகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொய்க் கோப்பு தயாரிப்பவர் இவை அனைத்தையும் ஒருசேரப் பொருத்தியாக வேண்டும். அது எளிதான காரியமன்று.

ஆகவே, சின்னங்களைப் பொறுத்தவரை விதியைத் தளர்த்தலாம். பாதுகாப்புள்ள கருவியின் கோப்பு ஒன்று, விமானியைச் சாராத இரண்டு சான்றுகள், இவற்றை ஆராயப் பறத்தலில் தொடர்பில்லாத ஒருவர். இவை இருந்தால் போதும். தேசிய, உலகச் சாதனைகளுக்கு மட்டும் பார்வையாளர் கட்டாயம் இருக்கட்டும். சாதனை இன்னொருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து இறக்குகிறது. அங்கே ஐயத்திற்கு இடமிருக்கக்கூடாது.

“விதியைத் தளர்த்தினால் ஏமாற்றுவோர் பெருகுவார்கள்” என்று சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரே மனிதரின் கையெழுத்தை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. பார்வையாளர் பெரும்பாலும் அதே மன்றத்தைச் சேர்ந்த நண்பர். அவரும் களைப்படைவார், கவனம் தவறுவார். ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள் ஒரே முடிவைச் சொன்னால், அது ஒரு கையெழுத்தைவிட வலுவானது. கருவி இல்லாமல் கையெழுத்து மட்டும் வைத்திருப்பவரையும், கையெழுத்து இல்லாமல் கருவி மட்டும் வைத்திருப்பவரையும் ஒரே அளவுகோலால் கேள்வி கேட்க வேண்டும்.

இது உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும். ஆசிரியர் அருகில் நின்று பார்த்தார் என்பதால் ஒரு சோதனை முடிவு உண்மையாகிவிடாது. அவர் பார்க்கவில்லை என்பதால் பொய்யாகிவிடவும் செய்யாது. அளவுகளை அப்போதைக்கப்போதே குறித்தீர்களா? பிடிக்காத அளவை அழிக்காமல் விட்டீர்களா? வேறொருவர் செய்தாலும் அதே முடிவு வருமா? அடுத்த முறை அறிக்கை எழுதும்போது இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கிறதா என்று பாருங்கள். விடை இருந்தால், யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கட்டும் என்று துணிந்து சொல்லலாம்.