மலைக்கு வாயிலா? மக்களுக்கு வீடா?

"சேலம் போய் வந்தேன்" என்கிறார் நண்பர். "என்ன கண்டீர்?" என்று கேட்டால், "ஏற்காட்டைக் கண்டேன், ஏரியிலே படகில் சென்றேன், பனியிலே நனைந்தேன்" என்று பட்டியல் படிக்கிறார். கேட்டது சேலத்தைப் பற்றி. கிடைத்த விடையோ ஏற்காட்டைப் பற்றி! நகரத்தின் பெயர் பயணச்சீட்டோடு முடிந்துவிடுகிறது. நினைவிலே நிற்பது மலை மட்டுமே.

மலை எழிலுடையது, அதை மறுப்பாரில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலே காப்பித் தோட்டத்தின் மணத்தை நுகர்வோரைக் குறை கூற நான் பேனா எடுக்கவில்லை. களைத்தவன் குளிர்ச்சி தேடுவான், அது இயற்கை. ஆனால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படியே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு மாநகரை, தேநீர் அருந்தி இளைப்பாறும் திண்ணையாக மட்டும் கருதுவது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

மலையேறும் அந்தச் சாலையிலேயே நிற்கிறது மாடர்ன் தியேட்டர்ஸ் வாயில் வளைவு. டி. ஆர். சுந்தரம் என்ற தமிழர், சென்னைக்குப் போகாமல், சேலத்திலேயே 1930-களில் எழுப்பிய கலைக்கூடம் அது. 1950-இல் 'மந்திரி குமாரி' உருவானது அங்கே. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வெளிவந்ததும் அங்கிருந்தே. எத்தனை வண்டிகள் அந்த வளைவைக் கடக்கின்றன! எத்தனை கண்கள் அதை ஏறிட்டுப் பார்க்கின்றன? செவ்வாய்ப்பேட்டையிலே வெள்ளியைக் கொலுசாக்கும் கைகளையும், தறியிலே வெண்பட்டு நெய்யும் விரல்களையும் கண்டு செல்வோர் எத்தனை பேர்?

வந்து போகிறவனுக்கு மலை ஒரு காட்சி. வாழ்கிறவனுக்கோ அதுதான் தண்ணீர்; அதுதான் தொழில்; அதுதான் மழை. சேர்வராயன் மலையின் பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. அடிவாரத்து வெள்ளைக்கல், உலைகளின் வெப்பம் தாங்கும் செங்கல்லாயிற்று. மலை தன் உடலையே அறுத்துக் கொடுத்திருக்கிறது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களோ, பெரிய நோய் வந்தால் இறங்கி வந்து சேலத்து அரசு மருத்துவமனையின் வாயிலிலேதான் நிற்கிறார்கள். மேலே இருப்பவர் உல்லாசத்துக்காக இறங்குவதில்லை. கீழே இருக்கும் கூலிக்காரர் உல்லாசத்துக்காக ஏறுவதும் அரிது. இருவருக்கும் நடுவே ஓடுவது சுற்றுலா வண்டி மட்டுமே!

வண்டி மட்டுமா ஓடுகிறது? ஓர் ஆறும் ஓடுகிறது. திருமணிமுத்தாறு என்று பெயர். திருவும் மணியும் முத்தும் சேர்ந்த பெயரை, எவ்வளவு ஆசையோடு நம் முன்னோர் சூட்டியிருப்பார்கள்! அந்த மலையிலே பிறந்து, மாநகரின் நடுவே நடந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியோடு கலக்கும் ஆறு அது. பிறந்த இடத்திலே தெளிவு; வளர்ந்த இடத்திலே கழிவு! சாக்கடையும் சாயமும் சேர்ந்து அதைக் கறுப்பாக்கின. மேலே அருவியைப் படம் எடுத்தவர், கீழே அதே மலையின் நீரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார். கடந்து போகிறவருக்கு ஒரு நிமிட நாற்றம். கரையிலே குடியிருப்பவருக்கு ஆயுள் தண்டனை. என்ன குற்றம் செய்தார் அவர்? ஏழையாய்ப் பிறந்தாரே, அதுவா?

ஊருக்குக் குடிநீர் தர 1911-இல் அமைக்கப்பட்டது பனமரத்துப்பட்டி ஏரி. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. பின்னர் காவிரி நீர் குழாயிலே வந்தது. வந்ததும் ஏரியை மறந்தோம்; சீமைக்கருவேலம் அதை மறக்கவில்லை! தூரத்து நீர் கிடைத்தவுடன் பக்கத்து நீரைப் பாழாக விடும் பழக்கத்துக்கு வளர்ச்சி என்று பெயரிடலாமா?

முடியாததைக் கேட்கவில்லை நான். மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியிலே மூக்கனேரி என்றொரு ஏரி. 2010-ஆம் ஆண்டிலே குடிமக்கள் கூடினர், தூர் வாரினர், அள்ளிய மண்ணைக் கொண்டு திட்டுகள் அமைத்து மரம் நட்டனர். ஏரி உயிர் பெற்றது, பறவைகள் வந்தன. குடிமக்களின் கைகளால் ஓர் ஏரியை மீட்க முடிந்ததென்றால், அரசின் கைகளால் ஓர் ஆற்றை மீட்க முடியாதா?

"சுற்றுலாவால் பணம் வருகிறதே" என்பர் சிலர். வரட்டும், வரவேற்போம். வரும் பணத்திலே ஒரு பங்கு, மலை தந்த ஆற்றுக்குத் திரும்பட்டும் என்பதே என் வழக்கு. கரைக்குச் சுவர் எழுப்பினால் கண்ணுக்கு அழகு. கழிவு கலப்பதைத் தடுத்தால்தான் கரையிலே வாழ்வோர்க்கு வாழ்வு. ஏற்காட்டு மலர்க்காட்சிக்குக் கோடை விழா உண்டு. திருமணிமுத்தாற்றுக்கு எந்த விழா? எந்த மாதம்?

வருகிற நண்பர்களே, மலைக்கு ஒரு நாள் என்றால் நகருக்கும் ஒரு நாள் தாருங்கள். நெசவாளியின் வாசலிலே நில்லுங்கள். ஆற்றுப் பாலத்தின்மீது நடந்து பாருங்கள். ஆளுகிறவர்களே, மலையை விருந்தினர் கண்கொண்டு பார்த்தது போதும். மாநகரை அங்கே வாழ்பவர் கண்கொண்டு பாருங்கள். முகட்டிலே இருக்கும் தெளிவு முச்சந்திக்கும் வந்து சேரட்டும். அன்றுதான் சேலம், மலைக்குச் செல்லும் வாயிலாக இருந்த நிலை மாறி, மக்கள் வாழும் வீடாகும்!