வயது வந்தவர்களுக்கு முழுப் படத்தைக் காட்டுங்கள்

பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று ‘ஏ’ சான்றிதழ் கொடுத்த பிறகு ஒரு படத்தில் கத்தரி வைக்கக் கூடாது. உண்மையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிய படமென்றால் கூடவே கூடாது. அதையும் மீறி எவரேனும் வெட்டினால், எதை வெட்டினார்கள் என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பார்வையாளருக்குச் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் நகரிலும் பழனி மலைக் கிராமங்களிலும் வசிக்கும் திரைப்பட ரசிகர்களான எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது.

எங்களிடையே இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது ‘ஓப்பன்ஹைமர்’. 2023 ஜூலை 21 அன்று வெளியான இயற்பியலாளர் ஓப்பன்ஹைமரைப் பற்றிக் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த இந்த மூன்று மணி நேரப் படத்தை ஆங்கிலத்திலேயே பார்க்க உறுப்பினர்கள் சிலர் மலையிறங்கி மதுரைக்குப் போனார்கள். இயற்பியல் எங்கள் ஊருக்கு அந்நியமான சங்கதி அல்ல. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வரும் ஆய்வகம் இங்கே இருக்கிறது. சூரியனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்துதான் 1909இல் ஜான் எவர்ஷெட் இதே மலையில் தன் பெயர் தாங்கிய விளைவைக் கண்டுபிடித்தார். புள்ளியை அழித்துவிட்டுச் சூரியனைப் பதிவு செய்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று காட்டினார் என்றால், நியூட்ரான் விண்மீன்களுக்கு அதுபோன்ற எல்லையை 1939இல் கணக்கிட்டவர்களில் ஒருவர் ஓப்பன்ஹைமர். அவரை அணுகுண்டுக்காக மட்டும் அறிந்தவர்கள் அல்ல நாங்கள்.

திரையில் கண்டது என்ன? ஓப்பன்ஹைமரும் அவருடைய காதலி ஜீன் டாட்லாக்கும் எதிரெதிரே அமர்ந்து பேசும் காட்சியில் அந்தப் பெண்ணின் நிர்வாண உடல்மீது கணினியால் வரைந்த கறுப்பு உடை. அமெரிக்காவில் ‘ஆர்’ தரம் பெற்ற படம் இங்கே யு/ஏ ஆக வந்தது. தணிக்கை வாரியம் கேட்பதற்கு முன்பே, யு/ஏ கிடைக்க வேண்டும் என்பதற்காகப் படத் தரப்பே இந்த வேலையைச் செய்துவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன.

ஒரு துணிக்கு இவ்வளவு வருத்தமா என்று கேட்பவர்கள் உண்டு. டாட்லாக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தவர். 1943 ஜூனில் ஓப்பன்ஹைமர் அவரைப் பார்க்கப் போனதை ராணுவ உளவாளிகள் பின்தொடர்ந்து குறித்து வைத்தார்கள். 1954இல் நடந்த பாதுகாப்பு விசாரணையில் அந்தச் சந்திப்பைத் தோண்டியெடுத்து அவரைக் கேள்வி கேட்டார்கள். கடைசியில் அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. அந்த முடிவு தவறான முறையில் எடுக்கப்பட்டது என்று சொல்லி அமெரிக்க அரசு அதை ரத்து செய்தது 2022 டிசம்பரில். அவர் இறந்து 55 ஆண்டுகள் கழித்து. ஒரு மனிதனின் அந்தரங்கத்தை அரசு எப்படி உரித்துப் பார்க்கிறது என்பது இந்தப் படத்தின் மையம். அந்த நிர்வாணம் கிளுகிளுப்புக்காக வைத்ததல்ல. அதைப் போர்த்தி மூடினால் காட்சியின் பொருளும் மூடிப்போகிறது. போர்த்தியதால் பிரச்சினையாவது தீர்ந்ததா? டாட்லாக்குடனான வேறொரு காட்சியில் பகவத் கீதை வருகிறது என்று எதிர்ப்புக் கிளம்பத்தான் செய்தது.

இப்படி நடப்பது இது முதல் முறையல்ல. ‘தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ 2014 ஜனவரியில் ‘ஏ’ சான்றிதழோடு வந்தது; அப்படியும் வெட்டு விழுந்தது. அமீரகத்தில் இதே படத்தில் சுமார் 45 நிமிடங்களை நீக்கிவிட்டார்கள். பணம் கொடுத்த ரசிகர்கள் அங்கேயும் முணுமுணுத்தார்கள். 2019இல் வந்த ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’யில் மதுக்குப்பிகளை மங்கலாக்கினார்கள். அரங்கை விட்டு வெளியே வந்தால் டாஸ்மாக் பலகை என்னவோ பளிச்சென்றுதான் தெரிகிறது.

சட்டமே இப்படித்தான் என்று எங்களைச் சமாதானப்படுத்த முடியாது. பூலான் தேவியின் வாழ்க்கையைச் சொன்ன ‘பண்டிட் குயீன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தெளிவாகவே தீர்ப்பளித்தது: நிர்வாணக் காட்சியைத் தனியே பிய்த்து எடுத்துப் பார்க்கக் கூடாது, படம் சொல்லும் பொருளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு நீதிபதிகள் உதாரணம் காட்டியது ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ என்ற அயல்நாட்டு வாழ்க்கை வரலாற்றுப் படத்தை. வெட்டுவதை விட்டு வயதுவாரியாகச் சான்றளிப்பதே வாரியத்தின் வேலை என்று ஷியாம் பெனகல் குழு 2016இல் பரிந்துரைத்தது. 2023 சட்டத் திருத்தம் யு/ஏவை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் கத்தரி அதே மேசையில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். முறையிட வேண்டுமானால் இனி உயர் நீதிமன்றம்தான். சில வாரங்கள் ஓடப்போகும் அயல்நாட்டுப் படத்துக்காக எந்த விநியோகஸ்தர் அங்கே போய் நிற்பார்?

குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோரின் கவலை எங்களுக்கும் உண்டு. எங்கள் சங்கத்திலேயே பெற்றோர்தான் அதிகம். அதற்காகத்தான் வயதுவாரிச் சான்றிதழ். அதை வாசலில் கறாராக அமல்படுத்துங்கள், ஒத்துழைக்கிறோம். ஓடிடியில் முழுசாகப் பார்த்துக்கொள்ளலாமே என்பது வேறொரு பதில். வீட்டில் பார்க்கத் தகுதியுள்ள அதே மனிதருக்கு அரங்கில் மட்டும் ஏன் தகுதி போய்விடுகிறது என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். திருட்டுப் பிரதிக்கு மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் போட்டிருக்கிறார்கள், சரிதான். வெட்டிய படத்தை முழு விலைக்கு விற்றால் ஜனங்கள் திருட்டுப் பிரதியைத் தேடத்தானே செய்வார்கள்?

தணிக்கை வாரியம் ‘ஏ’ படங்களில் வெட்டுவதை நிறுத்த வேண்டும். தீர்ப்பாயத்தையோ அதற்கு இணையான எளிய முறையீட்டு வழியையோ மத்திய அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும். விநியோகஸ்தர்களிடம் எங்கள் கோரிக்கை: யு/ஏவுக்காக நீங்களே வெட்டுவதானால், முழுப் படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் வாங்கி மதுரை, திருச்சி, கோவை போன்ற ஊர்களில் ஒரு காட்சியாவது ஓட்டுங்கள். அரங்க உரிமையாளர்கள் நீக்கப்பட்ட பகுதிகளின் நீளத்தையும் தன்மையையும் கவுன்ட்டரிலும் முன்பதிவுப் பக்கத்திலும் எழுதிப் போட வேண்டும்.

ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை இப்படியொரு படத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது, ‘முழுப் படமா, வெட்டியதா?’ என்று கவுன்ட்டரில் கேளுங்கள். பதில் வரும் வரை பணத்தை நீட்டாதீர்கள்.