சொல்லும் பொருளும்: பற்றிக்கொள்ளுதல்

ஆங்கில வேதாகமங்கள் பலவற்றில், ரூத் தன் மாமியைப் பற்றிக்கொண்டதை (ரூத் 1:14) 'கிளிங்' என்னும் வினைச்சொல்லே உரைக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஒட்டிக்கொள்ளுதல் மாத்திரமல்ல, வாடிச் சுருங்குதல் என்னும் பொருளும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் பஞ்சம் ஒருவனை வற்றச்செய்வதை அது குறிக்கிறது.

அவ்வசனத்தின் எபிரெயச் சொல் 'தாபாக்'. ஆதியாகமம் 2:24-இல் புருஷன் மனைவியோடே இசைந்திருப்பதற்கும் அதுவே. யோபு 19:20-இல் எலும்பு தோலோடு ஒட்டிப்போனதற்கும் அதுவே.

நகோமியோ பஞ்சத்தினால் ஊரைவிட்டுப் போய், புருஷனையும் இரு குமாரரையும் அந்நிய தேசத்தில் இழந்தவள். ஒர்பாள் முத்தமிட்டுத் திரும்பினாள். வேதம் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கிகளாகிய நாங்களே கடிந்துகொள்கிறோம். கொடுக்க ஒன்றுமின்றி வற்றிப்போனவளைத்தான் ரூத் பற்றிக்கொண்டாள். பட்டணத்தின் ஒற்றையறை வீட்டில் முதிர்ந்த மாமியைத் தாங்கும் சகோதரிகள் இதை என்னிலும் நன்றாய் அறிவார்கள்.