மாண்டவர் சொல் மன்றம் ஏறுமா?

மரண வாக்குமூலத்தை நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன என்பதை யாவரும் அறிவோம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு வகுத்த அவ்விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 26-ஆம் பிரிவாக நிலைபெற்றுள்ளது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. சொன்னவர் எப்படி இறந்தார் என்பதே அவ்வழக்கில் ஆராயப்படும் பொருளாக இருத்தல் வேண்டும். கத்திக்குத்துப் பட்டவர் அக்காயத்தால் இறந்தால் அவர் சொல் சான்றாகும். காயம் ஆறி, வழக்கு வாய்தா வாய்தாவாக நீண்டு, இடையில் காய்ச்சலில் இறந்துவிட்டாலோ, அவர் கொடுத்த புகார் அவ்விதியின்கீழ்ச் சான்றாகாது. சொன்னவர் ஒருவரே, சொல்லும் ஒன்றே. சாவு வேறானதால் சொல்லின் மதிப்பு மாறுவானேன்? எனக்கு விளங்கவில்லை.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இங்கு நினைவுக்கு வருகிறது. தம்மிடம் சிகிச்சைக்கு வந்த பெண்கள் இருவரிடம் 2003-இல் முறைகேடாக நடந்ததாக ஒரு மருத்துவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் ஒருவர் விசாரணைக்கு முன்பே உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குக் காரணம் வேறு என்று கருதப்பட்டது. காவல் துறையினரிடம் அவர் அளித்திருந்த வாக்குமூலம் ஜூரிகள்முன் படிக்கப்பட்டது. மருத்துவர் தண்டனை பெற்றார். இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லையே என்று அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார்.

நியாயமான முறையீடுதான். காகிதம் திகைக்காது, முகம் கறுக்காது, மடக்கிக் கேட்டால் தடுமாறாது. 2009-இல் அந்நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. ஆயினும் 2011 டிசம்பரில் அதன் பேரமர்வு அம்முடிவை மாற்றியது. இறந்த பெண் நடந்ததை விரைவிலேயே நண்பர்கள் இருவரிடம் கூறியிருந்தார். அவர்கள் சாட்சிக் கூண்டேறினர். மற்றொரு பெண்ணும் நேரில் வந்து, ஏறத்தாழ அதே போன்ற நிகழ்ச்சியைச் சொன்னார். இத்துணைச் சான்றுகளே தராசைச் சாய்த்தன. அதே தீர்ப்பில், அச்சத்தால் ஜூரிகள்முன் சாட்சி சொல்லாத ஒரே சாட்சியின் வாக்குமூலத்தால் தண்டிக்கப்பட்ட வேறொருவருக்கு நியாயமான விசாரணை கிட்டவில்லை என்றும் அப்பேரமர்வு கூறியது.

நமக்கும் இவ்வழியே ஏற்றது என்பேன். சாவின் காரணத்தைப் பாராமல் சொல்லுக்குத் துணை உண்டா என்று பார்க்கட்டும். துணை இல்லையேல், புகார் எத்துணை உருக்கமாயினும் தண்டிக்க வேண்டாம். ஆனால் வாசலிலேயே அதைத் தடுப்பதால் நன்மை யாருக்கு? வாய்தா வாங்கி வாங்கியே சாட்சியின் ஆயுளை எண்ணிக் கொண்டிருப்பவருக்குத்தான்.