சுவரொட்டியில் சரக்கு எங்கே?

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டல அரிசி, பருப்பு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டபோது, அதைக் கண்டித்து நம் சங்கத்தின் சார்பில் கடைவீதி முழுவதும் சுவரொட்டி ஒட்டினோம். மறுநாள் காலை, வாடிக்கையாக அரிசி வாங்கும் பெரியவர் ஒருவர் அதை நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சங்கத்துக்குத் தேர்தலா?" என்று கேட்டார்.

அவர் மீது தவறில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர், கிளைப் பிரதிநிதிகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். வரி பற்றிய வாசகமோ அடியில், அச்சகத்தின் பெயரைவிடச் சற்றே பெரிய எழுத்தில். பங்காளிகளின் படத்தை வாசலில் மாட்டிவிட்டுச் சரக்கை உள்ளே பூட்டி வைக்கும் வியாபாரி உண்டா?

சுவரொட்டியை யாரும் நாற்காலியில் அமர்ந்து படிப்பதில்லை. பேருந்து ஜன்னலிலிருந்து, போகிற போக்கில் பார்க்கிறார்கள். அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் ஒரு செய்தி போய்ச் சேரலாம், இரண்டு சேராது.

முன்பு இதை அறிந்திருந்தார்கள். 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் அவர் இருந்த படம், அடுத்த மாதத் தேர்தலில் சுவரொட்டியாயிற்று. எழுத்தறியாதவருக்கும் அது புரிந்தது. தொகுதிக்குப் போகாமலே பரங்கிமலையில் வென்றார். படத்தால் மட்டுமே வென்றார் என்று சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் படத்தை ஊர் மறக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணமும் அப்படித்தான். தலைகீழ் முக்கோணம், "நாம் இருவர், நமக்கு இருவர்". அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அந்நாளில் ஒவ்வொரு படத்துக்கும் பிளாக் செய்யத் தனிச் செலவு. ஆகவே படம் குறைவு, எழுத்து பெரிது. இன்று கணினியில் பத்துப் படம் கூடச் சேர்த்தாலும் செலவு கூடுவதில்லை. நன்கொடை கொடுத்தவரின் படத்தை விட்டால்தான் மனஸ்தாபம் வருகிறது. நோய் அங்கேதான் இருக்கிறது.

ஒட்டிய இடத்தையும் சொல்லவேண்டும். நம் உறுப்பினர்களின் ஷட்டர் மீதே ஒட்டியிருந்தார்கள். கட்சிக்காரர் ஒட்டினால், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேசுகிறோம். காய்ந்த பசையைச் சுரண்டும் கடைப் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த முறை கோரிக்கை, நாள், சங்கத்தின் பெயர், இவை மட்டும் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் வரைவைத் தெருவின் எதிர்ப்புறம் பிடித்து, அதே பையனைப் படிக்கச் சொல்வோம். நன்கொடையாளர் பெயர்களை இந்த இதழில் வெளியிடலாம். யார் படத்தை முதலில் எடுப்பது என்று பொதுக்குழுவில் கேள்வி எழும். மேல் வரிசையில் இடமிருந்து நான்காவது நம் படம். அதை எடுத்துவிடலாம்.