கோவையில் ஒரு கோப்பைக் காலம்

அந்தமானில் எங்கள் அபர்டீன் பஜாரில், கொல்கத்தாவின் கால்பந்து கிளப்பான ஈஸ்ட் பெங்கால் தோற்ற மறுநாள் சில கடைகளில் பேரம் பேசக் கூடாது. 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து இந்தத் தீவுகளில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இங்கே எங்களுக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள். ஆறும் நிலமும் போனாலும் அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். தமிழர்களான எங்களுக்கு அப்படி ஒரு கிளப் கிடையாது. திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறி வந்த எங்கள் பெரியவர்கள் முருகனைக் கொண்டுவந்தார்கள், மளிகைக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். கால்பந்து கிளப் எதையும் கொண்டுவரவில்லை. கொண்டுவர ஊரில் ஒன்று இருந்தால்தானே?

ஒரே ஒரு சீசன் மட்டும் இருந்தது. 2018-19. அணியின் பெயர் சென்னை சிட்டி. ஆடியது கோயம்புத்தூரில்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. தேசிய கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 39. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. சென்னை சிட்டி ஜெயித்தால் வேறு கணக்கே வேண்டாம். டிரா ஆகி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக்கை வென்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. கிளப்பின் நூறாவது ஆண்டு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தாதா என்று கூப்பிடும் பக்கத்துக் கடைக்காரர் அன்று காலையிலேயே யாரோடும் பேசவில்லை.

போனில் நேரலை பார்க்கிற வசதி அப்போது எங்களுக்கு வரவில்லை. தீவின் இணையம் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பி இருந்த காலம். ஒரு புகைப்படம் முழுசாகத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். என் சித்தப்பா மகன் கோவை ஸ்டேடியத்தில் இருந்தான். தாதாவின் மைத்துனர் கொல்கத்தாவில் டிவி முன்னால். இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு, அதில் இரண்டு போன். அதுதான் எங்கள் ஒளிபரப்பு.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டம் வரை அதே நிலை. தாதா எனக்கு ஒரு டீ சொன்னார், அனுதாபத்தில். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு ஒரு கோல், ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொரு கோல். இரண்டையும் போட்டவர் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. கோழிக்கோட்டிலும் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கி, கடைசிக் கட்டத்தில் இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. ஆனால் பலனில்லை. 43-க்கு 42. ஒரு புள்ளி.

“ஏக் பாயிண்ட்!” என்றார் தாதா. அடுத்த ஒரு வாரம் அவரிடம் நான் எதுவும் வாங்கவில்லை.

சென்னை சிட்டியின் கதை எனக்கு ஏன் முக்கியம் என்றால், அது வந்த வழியும் போன வழியும் அப்படி. 1946-ல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கியது. அந்த வருஷத்தில் அந்தப் பெயர் வைப்பதில் ஆச்சரியமில்லை. இங்கே எங்கள் பஜாரிலிருந்து இறங்கினால் நேதாஜி ஸ்டேடியம் வரும்; பழைய ஜிம்கானா மைதானம். 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி கொடியேற்றிய இடம். சென்னை லீக்கில் பல பத்தாண்டுகள் ஓசையில்லாமல் ஆடிய அந்த கிளப், பெயர் மாறி, சென்னை சிட்டி ஆகி, 2016-17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்தது. கீழ் டிவிஷனில் ஜெயித்து மேலே ஏறி வரவில்லை. இடம் காலியாக இருந்தது, அகில இந்திய கால்பந்து சம்மேளனம் விண்ணப்பம் கேட்டது, உரிமையாளர் ரோஹித் ரமேஷ் விண்ணப்பித்தார், கிடைத்தது. கோவாவின் பெரிய கிளப்புகள் வெறுத்துப்போய் விலகியதால் காலியான இடங்கள் அவை.

முதல் சீசன் சென்னையில். அங்கே இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணியான சென்னையின் எஃப்சி ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த சீசனில் சென்னை சிட்டி மூட்டை கட்டிக்கொண்டு கோவைக்குப் போனது, பெயரை மட்டும் மாற்றாமல். சென்னைப் பெயரோடு ஓர் அணி கோவையில் ஆட, கோவைக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள் என்பதே என் கணக்கில் பெரிய மனசு.

முதல் இரண்டு சீசனும் பட்டியலின் அடிப்பகுதியில்தான். ஆனால் அந்த நாட்களில்தான் தமிழ்நாட்டுப் பையன்கள் பலருக்கு அங்கே கதவு திறந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து இரையுமன்துறை என்ற மீனவர் கிராமத்திலிருந்து மைக்கேல் சூசைராஜ். நந்தகுமார் சேகர். எட்வின் சிட்னி வான்ஸ்பால். சந்தோஷ் டிராபிக்கு ஆடி, ஏதாவது ஒரு அரசு அலுவலக அணியில் வேலை கிடைத்தால் போதும் என்று இருந்திருக்க வேண்டியவர்களை நாடு முழுக்கப் பார்த்தது.

2018-ல் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். கூடவே ஸ்பெயினிலிருந்து சில பேர், யாரும் கேள்விப்படாத கீழ் டிவிஷன் ஆட்டக்காரர்கள். மான்சி, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ரோபெர்டோ எஸ்லாவா, நெஸ்டோர் கோர்டில்லோ. இதில் கோர்டில்லோ கனாரித் தீவுக்காரர் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. தீவில் பிறந்தவன் இன்னொரு தீவுக்காரனை விட்டுக்கொடுக்க மாட்டான். அவர்கள் பந்தைத் தரையிலேயே வைத்து, சின்னச் சின்னப் பாஸாக நகர்த்தி ஆடினார்கள். முதல் ஆட்டத்திலேயே மான்சி ஹாட்ரிக். சீசன் முடியும்போது 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் அந்த பிப்ரவரியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இப்போது கொஞ்சம் தள்ளிப் போகிறேன். அதே 1946-ல் ஜார்ஜியாவின் குதைசி நகரத்தில் ஒரு கிளப் தொடங்கியது, டார்பிடோ குதைசி. தலைநகர் திபிலீசியின் டைனமோ கிளப்புக்குத்தான் அந்த நாட்டில் எப்போதும் பெரிய பெயர். 1981-ல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை (கப் வின்னர்ஸ் கப்) வென்ற அணி அது. அந்த அணியின் நட்சத்திரம் ரமாஸ் ஷெங்கலியா பிறந்ததும் முதலில் ஆடியதும் குதைசியில். வளர்ப்பது சின்ன ஊர், பேர் வாங்குவது தலைநகரம். இதில் ஜார்ஜியா என்ன, தமிழ்நாடு என்ன? குதைசி கிளப்பின் முதுகெலும்பு அங்கிருந்த லாரித் தொழிற்சாலை. சோவியத் யூனியன் சிதறியதும் அந்தத் தொழிற்சாலையும் படுத்துவிட்டது. கிளப் படுக்கவில்லை. 2000, 2001, 2002 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜார்ஜிய சாம்பியன். பிறகு பணத்துக்குத் திண்டாடி, 2017-ல் மறுபடி சாம்பியன். மைதானத்துக்கு ஷெங்கலியாவின் பெயர்.

அதே நாட்டில் லாஞ்ச்குத்தி என்று ஒரு சிற்றூர். பத்தாயிரம் பேர் தேறாது; ஸ்டேடியத்தில் மட்டும் இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். சோவியத் வெளியுறவு அமைச்சராக இருந்த ஷெவர்ட்நாட்சே அந்த வட்டாரத்துக்காரர். ஸ்டேடியம் அவருடைய அண்ணன் பெயரில். எப்படி வந்தது இவ்வளவு பெரிய ஸ்டேடியம் என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அந்த ஊரின் கூரியா கிளப் 1987-ல் சோவியத்தின் உச்ச லீக்கில் ஒரு சீசன் ஆடியது. மாஸ்கோ, கீவ் அணிகள் எல்லாம் அந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. கடைசி இடம் பிடித்து இறங்கிவிட்டார்கள். ஆனால் ஏறுவதற்கு ஓர் ஏணி இருந்தது, இறங்குவதற்கும் அதே ஏணி.

2019-ல் சென்னை சிட்டிக்கு அந்த ஏணி இல்லை. என் ஆதங்கம் முழுக்க இங்கேதான். கோப்பையை வென்றார்கள், பரிசுப் பணம் வாங்கினார்கள். அடுத்து? 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பணம் கட்டிச் சேருகிறவர்களின் லீக். ஐ-லீக் சாம்பியனுக்கு அப்போது அங்கே இடமில்லை. போதாக்குறைக்கு அதே 2019-ல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவானது. ஏப்ரல் சூப்பர் கப்பில் ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு எஃப்சியை 2-1 என்று இதே கோவை அணி வென்று காட்டியிருந்தது. அதனால் என்ன? வென்றவர்கள் இரண்டாவது லீக், தோற்றவர்கள் முதல் லீக். ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வழி 2023-ல்தான் திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்சி, அன்று கோவையில் தோற்ற அதே மினர்வா, வேறு பெயரில்.

ஆசியப் போட்டிக்காவது போனார்கள். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, எதிரே பஹ்ரைனின் ரிஃபா கிளப். சொந்த மைதான ஆட்டம்தான், ஆனால் ஆடியது அகமதாபாத்தில். 0-1 என்று தோல்வி. மார்ச்சில் ஏ.எஃப்.சி. கப், மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2. அதுவும் அகமதாபாத்தில். சென்னைப் பெயர், கோவை மைதானம், குஜராத்தில் சொந்த ஊர் ஆட்டம். தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக்கை வென்ற ஒரே அணி ஆசியாவோடு மோதியதைத் தமிழ்நாட்டில் யாரும் நேரில் பார்க்கவில்லை. ஒரு கிளப்பை ஊரிலிருந்து பிரிக்க இதைவிட என்ன செய்ய வேண்டும்?

ஆட்கள் கலைந்தார்கள். கோர்டில்லோ ஹைதராபாதுக்கு, மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு. கொரோனா வந்து லீக்கே பாதியில் நின்றது. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து எங்கள் தீவுக்குக் கடலடிக் கேபிள் வந்தது, சுமார் 2,300 கிலோமீட்டர். போனில் படம் ஓடத் தொடங்கியது. 2021-ன் தொடக்கத்தில் ஐ-லீக்கை கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் மட்டுமே வைத்து நடத்தினார்கள். ஆளில்லாத கேலரிகளுக்கு முன்னால் சென்னை சிட்டி ஆடியதை அபர்டீன் பஜாரில் உட்கார்ந்து தெளிவாகப் பார்த்தேன். அப்படித் தெளிவாகப் பார்க்காமலேயே இருந்திருக்கலாம். 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

இது புதிய கதையும் இல்லை. 1996-97-ல் முதல் தேசிய லீக்கை வென்றது பஞ்சாபின் பக்வாரா நூற்பாலை அணியான ஜேசிடி. மில் 1971-ல் தொடங்கிய அணி. பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் ஆடிய அணி. 2011-ல் கலைத்துவிட்டார்கள். 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டது. முதலாளி ஒரு நாள் காலையில் கணக்குப் பார்த்தால் போதும், சாம்பியனும் காலி. ஐஸ்வால் மட்டும் வேறு மாதிரி. 2016-17-ல் காலித் ஜமீலின் பயிற்சியில் அவர்கள் வென்ற அதே கோப்பையைத்தான் சென்னை சிட்டியும் வென்றது. ஆனால் மிசோரத்தில் அணி தோற்றாலும் பார்க்க ஆள் வரும். உள்ளூர்ப் பையன்களே ஆடுகிறார்கள், உள்ளூர் லீக் அவர்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. இன்னும் லீக்கில் இருக்கிறார்கள். கோவை அணியில் வெளிநாட்டுக்காரர்கள் போனதும், அந்த இடத்தை நிரப்ப அடியில் அப்படி ஓர் உள்ளூர் லீக் இல்லை. உரிமையாளரை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஒரு சாம்பியன் வந்ததையே நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

ஆட்டக்காரர்கள் வீணாகவில்லை. 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் கொல்கத்தாவிலேயே தன் பரம எதிரியான மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது, நாலரை வருஷத்துக்குப் பிறகு கிடைத்த டெர்பி வெற்றி. கோல் போட்டவர் நந்தகுமார். தாதா கடையில் அன்று பாதி விலை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேரம் பேச முடிந்தது.

கோவையில் கோப்பை வந்த அதே வருஷம் மே 22-ல் லூதியானாவில் இன்னொரு தேசிய இறுதி ஆட்டம் நடந்தது, பெண்கள் லீக். மதுரையில் 2016-ல் தொடங்கிய சேது எஃப்சி மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது. ஒரே வசந்தத்தில் ஆண்கள், பெண்கள் இரண்டு தேசியப் பட்டமும் தமிழ்நாட்டுக்கு. ஆட்டம் நடந்த குருநானக் ஸ்டேடியம் ஒரு காலத்தில் ஜேசிடியின் சொந்த மைதானம். பாசல் மாதிரி எந்த வெளிநாட்டு கிளப்பும் சேதுவில் பங்கு வாங்க வரவில்லை. சென்னை சிட்டி காணாமல் போன பிறகும் சேது பெண்கள் லீக்கில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று எங்கள் பஜாரில் யாரும் கேட்பதில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை. இந்த சீசனில் தாதாவின் மகளிடம் கேட்கப்போகிறேன், அவளுக்குத்தான் ஆட்ட அட்டவணை மனப்பாடம்.