ஓலைக்கூரையும் ஒரு மூட்டை டி.ஏ.பி.யும்

பி.காம். படிக்கிறவனுக்கு பாஸ்பரஸோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள். வேதியியல் மாதிரி ஆரம்பித்தாலும் இது கடைசியில் வரவு செலவில்தான் போய் நிற்கும்.

1821ல் கே-லுசாக் (பிளஸ் ஒன்னில் வாயு விதி என்று நம்மைப் படுத்தினாரே, அவரேதான்) பதினெட்டாம் லூயி மன்னருக்காக ஒரு வேலை செய்தார். நாடக அரங்குத் திரைச்சீலைகள் அடிக்கடி பற்றி எரிந்துகொண்டிருந்த காலம். அம்மோனியம் பாஸ்பேட் கலந்த உப்புக்கரைசலில் துணியை நனைத்துக் காயவைத்தால் சுலபத்தில் தீப்பிடிக்காது என்று காட்டினார். 1816ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடமிருந்து மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது பிரான்சை ஆண்டவரும் இதே லூயிதான். உரக்கடையில் மூட்டை மூட்டையாக இருக்கும் டி.ஏ.பி.யும் அந்த உப்பின் குடும்பம்தான்.

சூத்திரம் எளிது. ஓலையோ துணியோ நேரடியாக எரிவதில்லை. சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயுதான் எரிகிறது. பாஸ்பேட் இருந்தால் சூட்டில் அது பாஸ்பாரிக் அமிலமாகி, நாரிலிருக்கும் நீரை உறிஞ்சி, மேலே ஒரு கரித்தோலை உண்டாக்கிவிடும். உள்ளே இருக்கும் வாயு வெளியே வராது, வெளியே இருக்கும் காற்று உள்ளே போகாது. எரியவே எரியாது என்று சொல்லவில்லை. சில நிமிஷம் கிடைக்கும்.

அந்த சில நிமிஷம் எவ்வளவு பெரிசு? 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் ஓலைப்பந்தல் பற்றி மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் போனார்கள். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம். சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள். குறுகிய படிக்கட்டு. இதற்கு மேல் எழுத வரவில்லை.

சரி, உப்பைத் தெளித்துவிட்டால் போதாதா? போதாது. ஒரு ஐப்பசி மழை வந்தால் எல்லாம் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். அதனால்தான் பாஸ்பரஸை பாலிமர் சங்கிலியிலேயே கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். கட்டிவைத்தது அப்படிக் கரைந்து ஓடாது. திருவனந்தபுரம் மண்டல ஆய்வுக்கூடத்தில் (இப்போது என்.ஐ.ஐ.எஸ்.டி.) முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயிலிருக்கும் கார்டனாலோடு பாஸ்பரஸைச் சேர்த்து தீயை மட்டுப்படுத்தும் பிசின் செய்து, 1990லேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். முந்திரித் தோட்டுக்குப் பஞ்சமா? இதோ பக்கத்தில் பண்ருட்டி!

அப்புறம் ஏன் பந்தல்காரர் எவரும் வாங்குவதில்லை? இங்கேதான் என் சப்ஜெக்ட் வருகிறது. மருந்து அடித்த கீற்றும் அடிக்காத கீற்றும் பார்க்க ஒரே மாதிரி. இரண்டு பேர் ரேட் சொன்னால் கல்யாண வீட்டுக்காரர் குறைந்த ரேட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார். செலவு பந்தல்காரருக்கு, உயிர் விருந்தாளிக்கு. செலவு செய்கிறவரும் பலன் அடைகிறவரும் வேறுவேறு ஆளாக இருந்தால் சந்தை தானாகச் சரிசெய்யாது என்று செகண்ட் இயரிலேயே படித்தோமே!

ஓலையையே தடை செய் என்பார்கள் சிலர். பள்ளிக்கூடத்துக்கு அது சரி, கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக் கூரைகளை மாற்றவும் சொன்னார்கள். ஆனால் மாசி மகத்துப் பந்தல், சாவு வீட்டுக் கொட்டகை, நம்ம ஊர் மாடி ஓட்டல்களின் கீற்றுக்கூரை? தகரத்தைப் போட்டுவிட்டு சித்திரை வெயிலில் கீழே உட்கார்ந்து பாருங்கள், தெரியும். துணி ஷாமியானா மட்டும் என்ன, எரியாதா?

என்னைக் கேட்டால், கூட்டம் கூடும் பந்தலுக்கு அனுமதி தரும்போதே மருந்தடித்த சான்று கேட்க வேண்டும். அப்போது எல்லா பந்தல்காரருக்கும் ஒரே செலவு, ரேட்டில் யாரும் யாரையும் வெட்ட முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஓலைக்கூரையைக் கச்சா கட்டடம் என்று கூடுதல் பிரீமியம் போடுகின்றன அல்லவா, மருந்தடித்த கூரைக்கு அதில் கொஞ்சம் குறைக்கட்டும். சான்று தருகிறவர் மேஜையிலிருந்தே எழுதிக்கொடுத்துவிடக் கூடாது. ஒரு கீற்றை உருவி அங்கேயே தீக்குச்சி வைத்துப் பார்க்கட்டும். ஒரு நிமிஷ வேலை.